பூஜ்யம் எப்படி நாலாச்சு

எல்லாரும் உக்காருங்க, உக்காருங்க. அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட போய் எட்டி எட்டிப் பாத்தா மட்டும் கம்ப்யூட்டர் எந்திரிச்சு ஓடி வந்துருமா? டீச்சரம்மா, அந்தப் பையை எடுத்து மடியில வைங்க, இன்னொரு ஆளு உக்காரட்டும். போலீஸ் அண்ணாச்சி, நீங்க இப்படி நின்னா நாங்கல்லாம் ஏதோ தப்பு செஞ்சு வந்த மாதிரி இருக்கு, உக்காருங்க. ஆளாளுக்குப் பேசாதீங்க. பேசுத வேலையை நான் பாத்துக்கிடுதேன். எனக்கு வேற வேலை கிடையாது.

மேனேஜர் சொன்னதைக் கேட்டியளா? "சார், சர்வர் டவுன் சார். ஜஸ்ட் டென் மினிட்ஸ் சார்." சளி பிடிச்ச ஆட்டுக்குட்டி மாதிரி மூக்காலயே சொல்லிட்டுப் போறாரு. போன நவம்பர்லயும் இதே பத்து நிமிசம்தான். வீட்டுக்குப் போவும்போது விளக்கு வச்சாச்சு.

வருசா வருசம் நவம்பர்ல பேங்குக்கு வந்து, பென்சனுக்காக நான் உசுரோட இருக்கேன்னு சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டான். இந்தா, நாலு மணி நேரம் விடாம பேசுதேன், செத்தவன் இப்படிப் பேசுவானா? அதெல்லாம் செல்லாது. அந்தச் சின்ன டப்பாவுல விரலை வச்சு, அது பச்சை விளக்கு காட்டினாத்தான் நான் உசுரோட இருக்கேன்.

அடுத்த வருசம் இந்தச் சோலியும் இல்லையாம். கவுண்டர்ல இருக்க பிள்ளை சொல்லுது, "தாத்தா, இனிமே நீங்க வரவே வேண்டாம், வீட்ல இருந்தே போன்ல முகத்தைக் காட்டினாப் போதும்." நல்லதுன்னு நினைச்சுச் சொல்லுது பிள்ளை. வீட்ல இருந்து முகத்தைக் காட்ட எனக்குத் தெரியும் தாயி. கண்ணாடிக்குத் தெனமும் காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.

சரி, அதை விடுங்க. அந்தா கடைசி நாற்காலி. ஃபேன் காத்து வராத எடமாப் பாத்து உக்காந்திருக்காருல்லா, மஞ்சப்பை வச்சுக்கிட்டு, சட்டையில மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு. அவரு பேரு தாணுமாலயன். சுசீந்திரம். காலையில எட்டு மணிக்கு வந்தாரு. எட்டு மணிலேந்து இப்ப வரைக்கும் என்ன பேசினாருன்னு கேளுங்க. ஒருக்க "ம்". இன்னொருக்க "ம்ம்". ரெண்டாவது கொஞ்சம் நீளம்.

இந்த மனுசன் செஞ்ச பெட்டி ஒண்ணு ஆகாசத்துல சுத்திச்சு. சிரிக்காதீங்க. நெசமாத்தான்.

எந்த ஆபீஸ், எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருக்கான். கடல் ஓரமா, தெங்குக்கு நடுவுல ஒரு லேபுன்னு வச்சுக்கிடுங்க. அம்பது வருசத்துக்கு முந்தி. நான் அங்க அட்டெண்டர். அஞ்சாம் கிளாஸ். இவரு டெக்னீஷியன், டிப்ளமா. பெரிய சார் பேரு குருவிளா, மலையாளத்துக்காரரு. அவரு எப்படிப் பேசுவாருன்னா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "தவசிமுத்தே, தான் ஈ ரூமுக்குள்ள வாய் தொறக்கான் பாடில்ல." வாயைத் தொறக்கக்கூடாதாம். அதுதான் எனக்கும் அவருக்கும் முதல் நாள் பேச்சு. நான் அதே கொரல்லயே "செரி சார்"னு சொன்னேன். ரெண்டு நாள் வராண்டாவுல நிக்க வச்சாரு.

பெட்டி என்ன பெட்டின்னு கேளுங்க. ரெண்டு செங்கலைச் சேத்து வச்ச அளவு. அலுமினியம். உள்ள பூரா டிரான்சிஸ்டர். ரேடியோவை டிரான்சிஸ்டர்னு சொல்லுவோம்லா, அது இல்ல. அந்த ரேடியோவுக்கு உள்ள இருக்க குட்டிச் சாமான். தொவரம் பருப்பு மாதிரி தகரத் தலை, கீழ மூணு காலு. பாத்தா எறும்புக்கு முக்காலி செஞ்சு போட்ட மாதிரி இருக்கும். அதுல ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்கா. ஒவ்வொண்ணையும் இடுக்கியால பிடிச்சு, பூதக்கண்ணாடியில பாத்து, ஈயம் உருக்கி ஒட்டணும். எல்லாம் இவரு கைதான்.

அது என்னத்துக்குன்னா, ஆகாசத்துல போறது ஒரு பெரிய உருண்டை, சாட்டிலைட்டு. அதுக்கு அங்க சுடுதா, குளிருதா, பேட்டரி இருக்கா தீந்துதான்னு கீழ இருக்கவனுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பெட்டிதான் சொல்லணும். உருண்டையில முப்பத்தியொரு எடத்துலேந்து முப்பத்தியொரு கம்பி வரும், நம்பர் மட்டும் முப்பத்திரெண்டு. பெட்டி ஒவ்வொண்ணாக் கூப்பிட்டுக் கேக்கும். டீச்சரம்மா, நீங்க ஆஜர் எடுக்க மாதிரி. "பேட்டரி?" "உள்ளேன் ஐயா, இருவத்தெட்டு." "மேத்தகடு?" "உள்ளேன் ஐயா, சுடுது, அறுவது." "அடித்தகடு?" "ஐயா, குளிருது ஐயா." முப்பத்திரெண்டும் முடிஞ்சா திரும்ப முதல்லேந்து. ஓயாது. எல்லாத்தையும் நம்பரா மாத்திக் கீழ அனுப்பிக்கிட்டே இருக்கும்.

அதுல ஏழாம் நம்பர்தான் கதை. ஏழாம் நம்பருக்குக் கம்பியே கிடையாது. அதைக் கூப்பிட்டா அது "பூஜ்யம்"னு சொல்லணும். அவ்வளவுதான் சோலி. அதுகிட்ட எப்பக் கேட்டாலும் பூஜ்யம்.

நான் குருவிளா சார்ட்ட கேட்டேன், ஒண்ணுமே சொல்லாத ஒருத்தனை என்னத்துக்கு சார் சேத்து வச்சிருக்கியன்னு. அவரு சொன்னாரு, கடைக்காரன் நிறுக்கதுக்கு முந்தி வெறுந்தட்டைத் தூக்கிக் காட்டுவாம்லா, அதுதான் இது. வெறுந்தட்டு சரியா நின்னாத்தான் மத்த முப்பத்தியொண்ணும் சொல்லுததை நம்பலாம். பூஜ்யம் ஆடிட்டுன்னா பெட்டியே பொய். எடுத்து ஆத்துல போட வேண்டியதுதான்.

அன்னைக்கே இவருக்குப் பேரு வச்சேன். ஏழாம் நம்பர். "என்ன ஏழாம் நம்பர், சாப்டாச்சா?" "ம்."

அந்த ரூம் இருக்கே, சன்னல் கிடையாது. ஏசி போட்டு போட்டு, மார்கழி மாசம் கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி இருக்கும். வெள்ளைக் கோட்டு, தலைக்குத் துணித் தொப்பி. அதுல எட்டு மணி நேரம் இவரு ஒத்தையில. பேச ஆள் கிடையாது. கல்யாணம் ஆகல. தங்கினது ஒரு லாட்ஜுல. பெட்டி ஒண்ணுதான் தொணை. நான் வேலைக்குச் சேந்த புதுசுல கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். மனுசன் பெட்டியைப் பாக்காரு. பெட்டி மனுசனைப் பாக்கு. 

அதனால பதினோரு மணின்னா நான் உள்ள ஆஜர். பழைய பேப்பர் சுருளை எடுத்துட்டுப் புதுச் சுருள் மாட்டுதது என் வேலை. பெட்டி சொல்லுததை எல்லாம் ஒரு மிசின் பேப்பர்ல கடகடகடன்னு அடிச்சுத் தள்ளும். சுருள் மாட்ட ரெண்டு நிமிசம். நான் அரை மணி நேரம் இருப்பேன்.

சட்டமெல்லாம் எனக்குத் தெரியும். குருவிளா சார் நூறு தடவை சொல்லிருக்காரு, இந்த டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது, கைச் சூடு பட்டாக்கூட கணக்கு மாறிரும்னு. நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கையால தொட்டிருப்பேனா? இவரையே கேளுங்க. டீக்கிளாசை வெளியவே வச்சுருவேன். செருப்பை வெளிய விட்டுருவேன். வாயை மட்டுந்தான் உள்ள கொண்டு போவேன்.

பெட்டி மூடியில்லாம தொறந்து கெடக்கும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெட்டிக்கு ஒரு சாண் தூரத்துல குனிஞ்சு, அதுதான் மைக்கு எனக்கு, "வணக்கம். ஆகாசத்துலேந்து தவசிமுத்து பேசுதேன். இங்க காத்து இல்ல, கரண்டு உண்டு. குருவிளா சார் இங்கயும் வந்து வாய் தொறக்கக்கூடாதுங்காரு." அப்புறம் குருவிளா கொரல். அப்புறம் கேண்டீன் மேரியக்கா. அப்புறம் ஜீப்பு ஸ்டார்ட் ஆகாம இருமுதது. அந்த மிசினும் கூடவே கடகடன்னு தாளம் போடும்.

இவரு சிரிப்பாருன்னா நினைக்கிய? பேப்பரைப் பாப்பாரு. என்னைப் பாப்பாரு. "ம்."

சரியா அந்த நேரத்துலதான் பூஜ்யத்துக்குப் பேய் பிடிச்சுது.

ஏழாம் நம்பர் நாள் பூரா பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்னு சொல்லிக்கிட்டு இருக்கும். காலையில பதினோரு மணிக்கு மேல பாத்தா ரெண்டு. மூணு. நாலு. அரை மணி நேரம் கழிச்சுப் பழையபடி பூஜ்யம். தெனமும். குருவிளா பேப்பர் சுருளைக் கையில பிடிச்சுக்கிட்டு, கல்யாணத்துல இலை கிடைக்காத சம்பந்தி மாதிரி அங்கயும் இங்கயும் நடக்காரு. "தாணு, ஸீரோன்னா ஸீரோ. கம்பியே இல்ல. ஸீரோ எங்ஙனெ நாலாவும்?"

இவரு பூதக்கண்ணாடியை எடுத்துப் பெட்டி மேல குனிஞ்சாரு.

கரண்டுல கோளாறுன்னான் ஒருத்தன். பதினோரு மணிக்குப் பக்கத்து மில்லுல மோட்டார் போடுதான், அதுதான்னான் ஒருத்தன். அந்த மில்லுக்காரன்ட்ட ஆளை அனுப்பி மோட்டாரை நிறுத்தச் சொன்னாங்க. அன்னைக்கு நான் மில்லுக்காரன் மாதிரி பேசிக் காட்டினேன், நல்லா நாப்பது நிமிசம். அன்னைக்கு ஏழாம் நம்பர் ஆறு காட்டிச்சு. மோட்டார் இல்லன்னு ஆயிட்டு. பொறவு டிரான்சிஸ்டர்தான் சொத்தைன்னு சொல்லி, இவரை எல்லாத்தையும் பிடுங்கி வேற போடச் சொன்னாங்க. போட்டாரு. திரும்பப் பதினோரு மணிக்கு நாலு. திரும்பப் பிடுங்கு, திரும்பப் போடு. கண்ணு ரெண்டும் பழுத்த மிளகா மாதிரி ஆயிட்டு இவருக்கு.

நான் என்ன செய்ய முடியும்? படிக்காதவன். மனுசனைச் சந்தோசமா வச்சுக்கிடணும்னு இன்னும் ஒரு பத்து நிமிசம் சேத்து இருந்தேன்.

இதுல இவருக்கு என்ன போச்சுன்னு கேக்கியளா? பெட்டி சரியாயிட்டுன்னா அது வடக்க போகும். உருண்டையில மாட்டுவாங்க. செஞ்சவன்தான் கூடப் போகணும், அவன் கையாலதான் கடைசி ஸ்குரு முறுக்கணும். அதுதான் அங்க வழக்கம். இவரு நாகர்கோயிலைத் தாண்டினதே வேலைக்காகத்தான். புதுசா ஒரு சூட்கேசு வாங்கி, ஒரு கம்பளிச் சட்டையும் வாங்கி அதுக்குள்ள மடிச்சு வச்சிருந்தாரு. எங்கிட்டச் சொல்லல. லாட்ஜு ரூம்ல கட்டிலுக்குக் கீழ நானே பாத்தேன். சூட்கேசு மேல காகிதம்கூடப் பிரிக்கல.

நடுவுல என் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்துச்சு. ரெண்டு நாள் லீவு. திரும்பி வந்து, பதினோரு மணிக்கு உள்ள போய், கல்யாணத்துல மாப்பிளை வீட்டு மாமன் சண்டை பிடிச்சதை அப்படியே பெட்டிகிட்ட ஒப்பிக்கேன். "ரசத்துல பெருங்காயம் எங்கவே?" இவரு பேப்பரைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. திரும்பப் பேப்பரைப் பாத்தாரு. சிரிச்சாரு பாருங்க. தோளு ரெண்டும் குலுங்க. கண்ணுல தண்ணி. அம்பது வருசத்துல இந்த மனுசன் சிரிச்சு நான் பாத்தது அந்த ஒருக்கதான். சிரிச்சு முடிச்சுட்டு, எந்திரிச்சு வந்து, என் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்துல இழுத்துப் போட்டாரு.

ஒரு சோக்கு அப்படி விழணும். பெருங்காயம். இப்பமும் யாரும் சிரிக்கலன்னா அதைத்தான் சொல்லுவேன்.

அதுக்குப் பொறவு ஒரு வாரம் இருக்கும். குருவிளா கூப்பிட்டாரு. நான் கதவுகிட்டதான் நின்னேன். "தாணு, தன்ட கை சரியில்லன்னு நான் எழுதணும். அல்லெங்கில் காரணம் தாணு சொல்லணும். காரணம் அறியுமோ?" நான் மனசுக்குள்ள சொல்லுதேன், வாயத் தொறயும்வே, எதையாவது சொல்லும், மில்லு மோட்டாருன்னு சொல்லும், எலின்னு சொல்லும். இவரு கதவைப் பாத்தாரு. நான் நின்ன கதவை. பொறவு தரையைப் பாத்தாரு. "அறியாது சார்."

அவ்வளவுதான். ஸ்டோருக்குத் தூக்கிப் போட்டாங்க. ஆகாசத்துக்குப் பெட்டி செஞ்ச கை, ஸ்டோர்ல உக்காந்து ஸ்குருவும் வாஷரும் எடுத்துக் குடுக்கு. இவரு எடத்துல ஒரு சின்னப் பயலை வச்சாங்க. அந்தப் பய பெட்டி முன்னால உக்காந்த நாள்லேந்து பூஜ்யம் பூஜ்யமா நிக்கு. பதினோரு மணிக்கும் பூஜ்யம், பன்னெண்டுக்கும் பூஜ்யம். ஒரு டிரான்சிஸ்டர்கூட மாத்தல. இவரு கடைசியா ஒட்டின அதே பெட்டி. குருவிளா எல்லார்கிட்டயும் சொல்லுதாரு, "கண்டோ? தாணு போயி, தோஷமும் போயி."

அநியாயம். எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரல. சத்தியமாச் சொல்லுதேன், இவரைத் தூக்கின நாள்லேந்து நான் அந்த ரூம் வாசல்படியை மிதிக்கல. சுருள் மாட்டுத வேலையை வேற ஆளுக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுத்தேன். பதினோரு மணின்னா நேரா ஸ்டோரு. இவரு எங்கயோ அங்கதான் நான். வாஷர் டப்பாவைத் தொறந்து வச்சுக்கிட்டு அதுல பேசுவேன். "வணக்கம். வாஷருக்குள்ளேந்து தவசிமுத்து." இருவத்தெட்டு வருசம், ரிட்டயர் ஆகுத வரைக்கும், ஒரு நாள் தவறல.

பெட்டி பறந்துச்சு. கீழ நம்பர் வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, கேண்டீன்ல கேசரி. நான் ஒரு தட்டை எடுத்துக்கிட்டு ஸ்டோருக்குப் போனேன். "வே, ஒம்ம பெட்டி பேசுது"ன்னேன். இவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. "ஏழாம் நம்பர்?" "பூஜ்யம்"னேன். "ம்"னு சொல்லிட்டுக் கேசரியில முந்திரியைப் பொறுக்கி எனக்கு வச்சாரு.

ரிட்டயர் ஆன பொறவு இவரு சுசீந்திரம், நான் வடசேரி. ஒரு பஸ்ஸுதான். ஆனாலும் போறதில்ல. போனைப் போட்டா "ம்"தான், அதைக் கேக்க எனக்கு எதுக்கு போனு? அதனால நவம்பர்தான். வருசத்துக்கு ஒருக்க, இந்த நாற்காலி, அந்த நாற்காலி.

வீட்ல நான் ஒத்தையில. மக கனடாவுல. அங்க நம்ம பகல்னா அவளுக்கு ராத்திரி. பெஞ்சாதி போய் ஆறு வருசம். அவ கொரலு எனக்கு அச்சா வரும். மத்தியானம் சில நாள் அடுக்களையில நின்னு அவ கொரல்ல, "என்ன, சோறு ஆறிப் போகுது, வாறியளா இல்லையா?" அப்படின்னு கூப்பிடுவேன். கூப்பிட்டுட்டு, "வாறேன் வாறேன்"னு நானே முன் ரூம்லேந்து வருவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு நாள் கேட்டு ஓடிட்டு. என்ன டீச்சரம்மா, சிரிங்க. சிரிக்கத்தானே சொல்லுதேன்.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியாம போவக்கூடாது. அடுத்த வருசம் போன்ல முகம் காட்டினாப் போதும்னு ஆயிட்டா, இவரு இங்க வரமாட்டாரு. அதனால இன்னைக்குக் கேட்டுருதேன். எல்லாரும் சாட்சி. வே தாணு. இங்க பாரும்வே. குருவிளா போய்ச் சேந்தாச்சு. அந்த ரூமை இடிச்சாச்சு. இனி யாரு ஒம்ம மேல எழுதப் போறா? ஒரு சூட்கேசு, ஒரு கம்பளிச் சட்டை, இருவத்தெட்டு வருசம் வாஷரு. எதுக்குவே? ஒருக்க வாயத் தொறந்து சொல்லும். பூஜ்யம் எப்படிவே நாலாச்சு?

ஷ்ஷ்... சும்மா இருங்க. டீச்சரம்மா, பேசாதீங்க. உதடு அசையுது. என்னமோ சொல்லப் போறாரு.

"நீரு வாயத் தொறந்தீரு. அதான்."

என்னது?

"பெட்டிக்கு ஒரு சாண் தூரத்துல. மூச்சுச் சூடு. நீரு தங்கச்சி கல்யாணத்துக்குப் போன ரெண்டு நாளும் பூஜ்யம்தான் நின்னுது. மூணாம் நாள் பெருங்காயம்னீரு, நாலு அடிச்சுது."

அப்ப... அன்னைக்குச் சிரிச்சது... வே, அன்னைக்கே தெரிஞ்சுதா? தெரிஞ்சும் அந்த ஆளு முன்னால தரையைப் பாத்துக்கிட்டு நின்னீரா? ஒரு வார்த்தைவே. ஒரே ஒரு வார்த்தை. ஏன்வே சொல்லல?

"சொன்னா, பதினோரு மணிக்கு யாரு வருவா."